சறுக்கிய இடம்

கொஜிமாவில் மழை பெய்தால்
கால்வாய் நீலமாக ஓடும் என்று
சுற்றுலா வருகிறவர்கள் நம்புகிறார்கள்.
ஓடாது. சலவைக்கூடங்கள் முறையாக வடிகட்டுகின்றன.
நீலம் தங்குவது என் நகக்கண்களில் மட்டும்.

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
செண்டாயிலிருந்து ஷிராகட்டா வந்தார்,
பல் மருத்துவர்.
பிள்ளை பெற்றவளைப் பார்க்க வந்தவர்போல
குரலைத் தாழ்த்தி,
மெல்லிய தாளில் சுற்றிய ஜாக்கெட்டை
மேசைமேல் கிடத்தினார்.

போருக்கு முந்தையதாம். நெவாடாவில்
மூடிப்போன வெள்ளிச் சுரங்கத்தில் கிடைத்ததாம்.
இதோ பாருங்கள், மெழுகுவர்த்தி சொட்டிய தடம்.
விலையை இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை.

முழங்கை கிழிந்திருந்தது.
பருத்தி நூல்தான் வேண்டும், பாலியெஸ்டர் ஆகாது,
எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு அல்ல,
தயவுசெய்து துவைத்துவிடாதீர்கள்.

கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன உலகத்தில்
இவர்கள் பிறக்கவில்லை.
என் அலமாரியைப் பாருங்கள்:
நகோயாக்காரர் ஒருவரின் ரயில்வே ஓவரால்,
இரண்டு முழங்காலும் போய்விட்டது;
கழுத்தடியில் முக்கோணம் தைத்த ஸ்வெட்ஷர்ட்,
கல்லூரிப் பெயரில் இரண்டெழுத்துதான் மிச்சம்;
ஹியோசுகே என்ற பையன்
பதினெட்டு மாதம் துவைக்காமல் போட்டு,
அவன் அம்மா வீட்டுக்குள் விடாத ஜீன்ஸ்.

ஜாக்கெட்டை உட்புறம் திருப்பினேன்.
துணி பொய் சொல்வது வெளிப்பக்கத்தில்தான்.

இடது பையின் மூடிக்குக் கீழே
மூன்று தையல்கள்
கடைசி பஸ்ஸில் ஏறியவர்கள்போல
ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து நின்றன.
எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

தொண்ணூற்றெட்டில்
ஓஜிரோ ஆலையில் பதினோராவது மெஷின் என்னுடையது.
முதலாளி கண்ணாடிப் பெட்டிக்குள்
ஓர் அசலை வைத்திருந்தார்.
அறுபது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் எவளோ
அந்த இடத்தில் கைசறுக்கியிருக்கிறாள்.
தூக்கமோ, பசியோ, மேஸ்திரி மேல் கோபமோ.
"அங்கேயே நீயும் சறுக்கு இகுயோ" என்றார்.
இருநூற்று நாற்பது முறை
ஒழுங்காகச் சறுக்கினேன்.
சறுக்க மறந்த ஒன்றைத்
தரம் பார்ப்பவர் திருப்பி அனுப்பினார்.

அவளுடைய தையல் வலப்பக்கம் சாயும்.
நான் இடதுகைக்காரி.
இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அன்றிரவு முழங்கையோடு உட்கார்ந்தேன்.
பாவு நீலம், ஊடை வெள்ளை,
இழை இழையாகக் கிழிசலின் இரு கரையையும்
பிடித்து இழுத்து வந்தேன்.
மெழுகு பொய். எல்லாச் சொட்டும்
ஒரே உயரத்திலிருந்து விழுந்த வட்டங்கள்.
ஆனால் பையில் லைட்டர் தேய்த்த சதுரம் பொய்யல்ல.
காலர் மடிப்பில் உப்பு.
வலது தோளில் ஏதோ ஒரு வார் ஏறி இறங்கி
வெளுத்த பாதை: தபால் பையோ, கிதாரோ.
எவனோ இதற்குள் இருபது வருடம் வாழ்ந்திருக்கிறான்,
அசலா என்று ஒருநாளும் கேட்காமல்.

வாங்க வந்தபோது சொல்லிவிட்டேன்,
பல்லைப் பிடுங்குமுன் அவர் சொல்லக்கூடிய
அதே தொனியில்.

நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, சண்டைக்கு அல்ல, பார்க்க மட்டும்:
"ஒருமுறை அப்படித் தைத்துக் காட்டுவீர்களா?"

துண்டுத் துணி வைத்து மிதித்தேன்.
தையல் நேராகப் போனது.
மறுபடியும் நேராக.
நான்காவது முறையும்.
எத்தனையோ பேருடைய கிழிசலைச் சரிசெய்து
கை அந்தப் பிழையைத் தொலைத்துவிட்டிருந்தது.

அவர்தான் முதலில் சிரித்தார்.
மூவாயிரத்து ஐந்நூறு யென் எண்ணி வைத்தார்.
தாளை மேசையிலேயே விட்டுவிட்டு
முதன்முறையாக அதைப் போட்டுக்கொண்டார்,
மழைக்குள் இறங்க.

கை மூன்று விரற்கடை குட்டை.
அதுவரை அவருக்கே தெரியாது.